குப்பாயி பற்றி ஆறு காகிதங்கள்

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட என்னிடம் வேறு எதுவும் இல்லாததால் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உங்கள் குமாஸ்தா எழுதிக்கொள்வார் என்றீர்கள். அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன், மாஜிஸ்திரேட் ஐயா. கோழி நடந்த களம் மாதிரி இருந்தது. அதனால்தான் காகிதமும் மையும் மட்டும் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். கொடுத்தீர்கள். நல்ல காகிதம், மை ஊறவில்லை.

செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேட வேண்டியதில்லை. என்ன செய்தேன், எதற்குச் செய்தேன் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்ல விடுங்கள். வரிசை தப்பினால் நான் கெட்டவன் போலத் தெரிவேன்.

என் பேர் காளியண்ணன். பதினோரு வருஷமாக ஏற்காட்டு மலையில், வாழவந்திக்குப் போகிற பாதையில் இருக்கும் காப்பி எஸ்டேட்டில் கம்பவுண்டர். ஜனங்களுக்கு மருந்துக்காரர். என்னிடம் மூன்று மருந்து உண்டு. காய்ச்சலுக்கு ஒரு கசப்பு, வயிற்றுக்கு ஒரு உப்பு, மற்றதற்கெல்லாம் மேலே தடவ ஒரு சிவப்பு. மூன்றிலும் அடங்காத நோய்க்கு ஒரு சிரிப்புக் கதை வைத்திருந்தேன். பல் பிடுங்கும்போது ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்ததை நானே கண்டிருக்கிறேன். பிடுங்கினது பக்கத்துப் பல் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடுவதில்லை. கவ்வாத்துக் கத்தி பட்ட காயம். காப்பிச் செடியின் கிளை கழிக்கிற அந்தக் கத்தி நாள் முழுக்க மண்ணிலும் சாணி எருவிலும் கிடக்கும். அது கீறினால் ரண ஜன்னி வரும். தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும், ஆள் கடைசிவரை நினைவோடே இருப்பான். வந்த வருஷமே இரண்டு பேரை அப்படிப் பார்த்தேன். அதற்குப் பிறகு கத்தி பட்டவன் எவனாக இருந்தாலும் உடனே என்னிடம் ஓடி வர வேண்டும், கார்பாலிக் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருந்தேன். எஸ்டேட்டில் என் பேச்சை மதித்துக் கேட்ட ஒரே சட்டம் அது.

இனி குப்பாயி.

முப்பது வயது இருக்கும். அவளுடைய தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு ஏறி வந்த குடும்பம். அப்பன் ஆத்தாள் போய்விட்டார்கள். அண்ணன் மாதையன் மட்டும். கூலிக்காரர்களின் லைன் வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஆறேழு வருஷமாக அவளுக்குச் சித்தம் சரியில்லை. யாரையும் திட்ட மாட்டாள், துணியைக் கிழிக்க மாட்டாள். கீழேயிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள். கூப்பிடுவது கேட்டதும் கிளம்பிவிடுவாள். குப்பனூர்ப் பக்கம் இறங்குகிற பாறை விளிம்பில் மூன்று தடவை பிடித்துத் தூக்கி வந்தார்கள். மூன்றாவது தடவை ஒரு காலை எடுத்து வெளியே வைத்திருந்தாளாம்.

அதனால் மாதையன் கட்டை கட்டினான். ஓடுகிற மாட்டுக்குக் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்களே, அது. தங்கச்சிக்கு அதைக் கணுக்காலில் கட்டியிருந்தான். முழ நீளம், பலா மரம், கயிறு தேங்காய் நார். நடக்கும்போது குப்பாயி அந்தக் கட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைக்காரி மாதிரித் தெரியும்.

பழம் பறிக்கிற காலத்தில் பெண்கள் கைப்பிள்ளைகளைக் காட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். வரிசை தொடங்குகிற இடத்தில் சில்வர் ஓக் மரக் கிளைகளில் ஐந்தாறு தூளி தொங்கும். தாய்கள் செடிக்குள் போன பிறகு குப்பாயி தூளிக்குத் தூளி போய் ஆட்டுவாள். அவளிடம் யாரும் சொல்லி வைத்ததில்லை. எறும்பு ஏறினால் ஒவ்வொன்றாக எடுத்து மரத்தடியில் விடுவாள். "அழுவாதே சாமி, இந்தா வந்துட்டேன் கண்ணு" என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். மத்தியானம் ஆளுக்கு ஒரு கை அவளுக்குக் கொடுப்பார்கள். ஆறு வீட்டுச் சோறு. எஸ்டேட்டிலேயே வகைவகையாகச் சாப்பிட்டது துரையும் அவளும்தான்.

இப்படிச் சொன்னால் அவளுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தக் கணுக்காலைப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் நார்க்கயிறு நனைந்து நனைந்து சதையை அறுத்திருந்தது. காப்பிப் பழத்தோல் அழுகுகிற நாற்றம் எஸ்டேட் முழுக்க இருக்கும், அதற்கு மூக்கு பழகிவிடும். இந்த நாற்றம் அதற்கு மேலே தனியாக வந்தது. புண்ணுக்குள் புழு. டர்பன்டைன் விட்டு இடுக்கியால் எடுத்தேன். பத்தொன்பது. குப்பாயி குனிந்து பார்த்துவிட்டு, "பாவமுங்க, கீழ வுட்டுருங்க" என்றாள். இரண்டு நாள் என்னால் சோற்றைப் பார்க்க முடியவில்லை. அரிசிக்கும் அதற்கும் அப்படி ஒரு ஜாடை.

எனக்கு இளகின மனசு, ஐயா. அது எனக்கு எப்போதும் ஒரு தொந்தரவு.

மாதையனைக் கூப்பிட்டு மனுஷியா மாடா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "அவுத்து வுட்டா எறங்கிப் போயிருவாளுங்க. புண்ணு ஆறுமுங்க. ஆளு பாறைக்குக் கீழ போயிட்டா ஆறுமுங்களா?"

நியாயமான பதில்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு அவன் மேல் இன்னும் அருவருப்பு வந்தது. இந்த ஜனங்களுக்குப் பழகாதது என்று ஒன்று உண்டா என்று நினைத்தேன். புழு வைத்த காலோடு ஒருத்தி தூளி ஆட்டுகிறாள், அவள் கையில் சோற்று உருண்டை வைத்துவிட்டு வெற்றிலை போடுகிறார்கள்.

பட்டணத்தில் சித்தம் கலங்கினவர்களுக்கென்று சர்க்கார் ஆஸ்பத்திரி இருப்பது எனக்குத் தெரியும். நான் போனதில்லை. துரை பங்களாவில் கிடந்த ஒரு பத்திரிகையில் சீமையில் உள்ள அப்படி ஓர் ஆஸ்பத்திரியின் படம் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கட்டில்கள், பெரிய ஜன்னல்கள், ஒரு நர்ஸ் பூச்சாடியைச் சரி செய்துகொண்டிருப்பாள். பட்டணத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். குப்பாயியை அங்கே சேர்த்துவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணினேன்.

முதல் ரிப்போர்ட் நாலு பக்கம். இங்கிலீஷில் எழுதினேன். கண்டது, கேட்டது, கட்டை, புண், புழு எல்லாம் எழுதி, மாதையனிடம் கைநாட்டு வாங்கித் தாலுகா கச்சேரிக்கு அனுப்பினேன். அங்கிருந்து சேலம் டாக்டரிடம் போய், இருபது நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. "சாதுவானவள். உறவினரே பராமரிக்கலாம்."

கூடவே உத்தரவின் நகல் ஒன்றும் வைத்திருந்தார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இட நெருக்கடி. ஆகவே பிறருக்கு அபாயம் விளைவிக்கக் கூடியவர்களை மட்டுமே அனுப்ப வேண்டும். சாதுவானவர்களை வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டார், எந்த வீட்டில், எதைக் கொண்டு என்று அதில் இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் சாதுவாக இருப்பது ஒரு குறைபாடு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒருத்தி ஆளைக் கடித்தால் அவளுக்குக் கட்டில் உண்டு. கடிக்காவிட்டால் கட்டைதான். இதை நானே ஒரு சிரிப்புக் கதையாக்கிக் காய்ச்சல்காரர்களிடம் சொன்னேன். நன்றாக எடுபட்டது.

இரண்டாவது ரிப்போர்ட்டில் அபாயம் உண்டு என்று எழுதினேன். திரும்பி வந்தது. "உதாரணம் இல்லை."

மூன்றாவதில் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்தேன். கண்கள் சிவந்து முறைக்கிறாள், பல்லை நறநறவென்று கடிக்கிறாள், பெண்கள் நடுங்குகிறார்கள். நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே அவள் மேல் பயம் வந்தது. அதுவும் திரும்பி வந்தது. "முறைப்பது அபாயம் ஆகாது. காயத்தை ஆற்றுவது கம்பவுண்டரின் வேலை. எழுதுபவர் கதை எழுதுவதைத் தவிர்க்கவும்."

அந்தத் தபாலை நான் பிரிக்கவில்லை. எஸ்டேட் ரைட்டர் பெரியசாமி பிரித்தார். ஆபீஸ் வராந்தாவில் வேலை கேட்க நின்றவர்கள், மருந்துக்கு நின்றவர்கள் எல்லாருமாக நாற்பது பேர் இருந்தார்கள். அவர் உரக்கப் படித்து, கடைசி வரியைத் தமிழிலும் சொன்னார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தேன் என்று ஞாபகம். அடுத்த நாளிலிருந்து என் பேர் கதைக்காரர். "கதைக்காரரே, வயித்து வலிங்க. கதை வேண்டாமுங்க, உப்பு மட்டும் குடுங்க" என்று ஒரு கிழவன் கேட்டான். பதினோரு வருஷமாக நான் மற்றவர்களைச் சிரிக்க வைத்தேன். அதில் நான் இருக்கும் இடம் எப்போதும் சொல்கிறவனுடைய இடமாக இருந்தது.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்த மூன்று காகிதங்களையும் மருந்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன், எங்கே குறை என்று தெரிந்துகொள்ள.

இதற்கிடையில் ராசம்மாள் என்று ஒருத்தி. பழம் பறிக்கிறவள். அவளுடைய பெண் குழந்தை காவேரிக்கு அப்போது எட்டு மாசம். அந்தத் தூளிகளில் ஒன்று அவளுடையது. பழைய சேலையைக் கிழித்து, விளக்கெண்ணெயில் நனைத்து, குப்பாயியின் கயிற்றின் மேல் தடிமனாகச் சுற்றிவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை கட்டையை அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கு மாற்றிக் கட்டினாள். நான் கொடுத்த மருந்தையும் தடவினாள். மார்கழி முடியும்போது புண் காய்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. ராசம்மாள் அவள் காலைத் தூக்கி என்னிடம் காட்டினாள். "இப்பப் பாருங்க மருந்துக்காரரே. கொழந்தை காலாட்டம் ஆயிப்போச்சு" என்றாள்.

அதோடு விடவில்லை. மாதையனிடம் பேசி, கட்டைக்குப் பதிலாக மாட்டு மணி கட்டலாம் என்று முடிவு பண்ணியிருந்தாள். மணி சத்தம் தள்ளிப் போனால் பக்கத்தில் இருக்கிற யாராவது ஓடிப் போய் இழுத்துக்கொள்வது. முறை போட்டுக்கொள்வது. பறிப்பு முடிந்ததும் கட்டலாம் என்று குப்பனூர்ச் சந்தையில் மணியும் வாங்கி வைத்துவிட்டார்கள்.

புண் ஆறிவிட்டது என்பதை நான் கவனித்தேன், ஐயா. கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதெல்லாம் தற்காலிகம். கையில் சேலைத் துணியும் மாட்டு மணியும் வைத்துக்கொண்டு ஒரு பெரிய வியாதியைப் பார்க்கிற ஜனங்களிடம் அவளை எப்படி விட்டுவிட்டுப் போவது? அவளுக்குக் கட்டில் வேண்டும், ஜன்னல் வேண்டும். இல்லாதது ஒரு உதாரணம்தான்.

உதாரணம் கிடைக்குமா என்று பார்த்தேன். நியாயமாக அவளுக்கே ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். தை மாசத்தில் ஆறு நாள் முயற்சி பண்ணினேன். அவள் சோற்றை எடுத்து நாய்க்குப் போட்டேன். நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவிக் கொடுத்தாள். கட்டையை வேகமாக இழுத்து விழ வைத்தேன். எழுந்து என் காலில் பட்டதா என்று பார்த்தாள். கையைக் கிள்ளினேன், காதருகே கத்தினேன், அவள் அப்பனைப் பற்றி ஒன்று சொன்னேன். சிரித்தாள். என்னுடைய சிரிப்புக் கதைகளுக்கு எப்போதும் சிரிக்கிறவள், இதையும் அந்த வகையில் சேர்த்துவிட்டாள் போல.

ஆறாம் நாள் ஒரு கவ்வாத்துக் கத்தியை அவள் கையில் கொடுத்து, என்ன செய்கிறாள் என்று தள்ளி நின்று பார்த்தேன். கத்தியைத் திருப்பி, வெட்டுகிற பக்கத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பிடியை என் பக்கம் நீட்டினாள். "பாத்துப் புடிங்க. கூரா இருக்குது" என்றாள்.

ஐயா, இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு எந்த உத்தரவின் கீழ் என்ன எழுதுவது?

நான்காவது ரிப்போர்ட் தை மாசக் கடைசியில் போனது. ஒரே பக்கம். கதை இல்லை. அதில் எழுதியதை அப்படியே சொல்கிறேன். "இன்று காலை சுமார் பத்து மணிக்கு, மேல்காட்டில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த ராசம்மாள் மகள் காவேரி, வயது ஒன்பது மாசம், இடது குதிகாலில் கவ்வாத்துக் கத்தியால் வெட்டப்பட்டது. காயம் ஒன்றரை அங்குல நீளம். சத்தம் கேட்டுப் பெண்கள் வந்தபோது மேற்படி குப்பாயி கையில் கத்தியுடன் தூளி அருகில் நின்றாள். முதலில் பார்த்தது நான்."

நாலு நாளில் உத்தரவு வந்தது. சேலம் டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிவப்பு மை இல்லை. இரண்டு கான்ஸ்டேபிள்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கட்டையின் கயிற்றை அறுத்துவிட்டார். குப்பாயிக்கு நடக்க வரவில்லை. இடுப்பில் எதுவும் இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பாதை திரும்புகிற இடத்தில் நின்று கட்டை கிடந்த இடத்தையே பார்த்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது. அந்தக் கட்டையையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். உத்தரவில் இல்லை என்றார்கள்.

அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன்.

காவேரியின் காயத்தை நான்தான் கட்டினேன். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. சுத்தமான துணி, கார்பாலிக், எல்லாம். கட்டுப் போடும்போது குழந்தையிடம் ஒரு எலிக் கதை சொல்வேன். சிரிக்கும். ராசம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டாம் நாள் காலை பால் குடிக்க வாய் திறக்கவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தாள். தாடையைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். யாராவது செருப்பைக் கீழே போட்டால்கூட அதன் முதுகு வளைந்தது.

இதோடு நின்றிருந்தால் என் ஆயுளுக்கும் இந்தக் காகிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. எல்லாரும் குப்பாயியைத்தான் திட்டினார்கள். மாதையனைத் தண்ணிக் குழாயடியில் சேர்க்கவில்லை. அவன் பங்குனியில் பட்டணம் போய்த் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்தான். அபாயமானவர்களுக்குத் தனி இடமாம். ஜன்னல் இருக்கிறதாம், உயரத்தில், கம்பி போட்டு. கட்டில் இல்லை. கணுக்காலில் இரும்பு வளையம், புண் இருந்த அதே காலில். "மறுக்காப் புண்ணு வெச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு, என் மேஜை மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினான். கதவுக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கிறாளாம். ஆட்டக் கூடாது என்று கையிலும் கட்டிவிட்டார்களாம்.

பத்திரிகைப் படத்தில் அதெல்லாம் இல்லை. அதை மட்டும் அவனிடம் சொன்னேன்.

சித்திரையில் ராசம்மாள் வந்தாள். கூட மாதையன். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் மடியிலிருந்து அந்த மாட்டு மணியை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள்.

"குப்பாயியத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுதுங்க."

உன் பிள்ளையை வெட்டினவளையா என்று கேட்டேன்.

"அவ வெட்டலீங்க."

எப்படித் தெரியும் என்றேன். அவள் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் ஓடியாரப்போ அவ கையில கத்தி இருந்துச்சுங்க. ஆனா புடி வெளிப்பக்கம் இருந்துச்சுங்க. வெட்டுற பக்கத்த அவ புடிச்சிருந்தா. அவ உள்ளங்கையில ரத்தம். வெட்டுனவ அப்படியா புடிச்சிருப்பா? அவ ஆருகிட்டயோ குடுக்கறதுக்கு நீட்டிக்கிட்டு நின்னாளுங்க. அன்னிக்கு எம் புள்ளையத்தான் பாத்தேன். இப்பத்தான் அவ கை நெனப்பு வருது. யாரு எதிர்க்க நின்னாங்கன்னுதான் நெனப்பு வரலைங்க."

அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நினைவு வரவில்லை என்றால் வரவில்லைதான். ராசம்மாள் பொய் சொல்கிற பெண் இல்லை.

மனு எழுதினேன். ஐந்தாவது காகிதம். குப்பாயி சாதுவானவள், யாருக்கும் தீங்கு செய்யாதவள், குழந்தையின் தாயே கேட்டுக்கொள்கிறாள், அவளும் பெண்களும் முறை போட்டுப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள் என்று, என் முதல் ரிப்போர்ட்டில் இருந்ததையே அழகாக எழுதினேன். வைகாசியில் திரும்பி வந்தது. ராசம்மாளை வைத்துக்கொண்டே பிரித்துப் படித்தேன். "மனு தள்ளுபடி. இந்த ஆசாமி அபாயமானவள் என்பது கம்பவுண்டரின் நான்காவது ரிப்போர்ட்டால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அந்த ரிப்போர்ட் தெளிவாகவும் முழுமையாகவும் எழுதப்பட்டுள்ளது. அதற்கு மாறான புது விவரம் இருந்தால் மட்டும் எழுதவும்."

தள்ளுபடி என்பதையும் கடைசி வரியையும் அவளுக்குச் சொன்னேன். நடுவில் இருந்த வரியைச் சொல்லவில்லை. ஆனால் அதை இரண்டு தடவை படித்தேன். தெளிவாகவும் முழுமையாகவும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, ஐயா. வாக்குமூலத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்றீர்கள், ஆகவே அதையும் எழுதுகிறேன். கண நேரம்தான். பெரியசாமி ரைட்டர் அந்த வரியையும் வராந்தாவில் நின்று படித்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு.

"என்ன போட்டிருக்குதுங்க?" என்றாள் ராசம்மாள்.

புது விவரம் வேண்டுமாம் என்றேன்.

அன்றிலிருந்து என் மேஜையில் கிடந்த மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "எங்ககிட்ட ஏதுங்க புதுசு" என்றாள். அவர்களிடம் இல்லைதான். என்னிடம்தான் இருந்தது.

அதனால் நடந்தே உங்கள் கச்சேரிக்கு வந்தேன். புது விவரம் இதுதான்.

அன்றைக்கு மூட்டம் இல்லை. நல்ல வெயில். பெண்கள் வரிசையின் மறுகோடியில் கடைசிப் பழத்தைத் தடவிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கவ்வாத்து தொடங்கியிருந்தார்கள். மாதையனுடைய கத்தி மரத்தடியில் கிடந்தது. அதை எடுத்தேன். நாலு தூளி. மூன்றில் குழந்தைகள் விழித்திருந்தன. காவேரி தூங்கிக்கொண்டிருந்தது. விழித்திருக்கிற குழந்தையை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. இடது காலைப் பிடித்தேன். குதிகாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே பெரிய ரத்தக்குழாய் இல்லை, சீக்கிரம் ஆறும். நடக்கத் தொடங்காத குழந்தை, வேலையும் கெடாது. எவ்வளவு யோசித்துச் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

குப்பாயி அடுத்த தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டதும் கட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் கத்தியைத் திணித்தேன். அவள் அதைத் திருப்பினாள். வெட்டுகிற பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பிடியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. பெண்களைக் கூப்பிட்டேன். அவர்கள் ஓடி வருகிற வரைக்கும் நீட்டியபடியே நின்றாள். இன்னொரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தியைப் பற்றிக் கேட்பீர்கள். என் மருந்துப் பை தோளில் இருந்தது. அதில் கார்பாலிக் புட்டி இருந்தது. மண் பட்ட கத்தி என்ன செய்யும் என்பது அந்த எஸ்டேட்டில் எல்லாரையும்விட எனக்குத் தெரியும். துடைக்கலாம் என்று புட்டியைத் திறக்கவும் செய்தேன். அப்புறம் மூடிவிட்டேன். துடைத்த கத்தியில் கார்பாலிக் வாசனை வரும். கவ்வாத்துக் கத்தி பளபளவென்று இருந்தால் சேலத்து டாக்டர் கதை என்பார். அதனால் மண்ணோடேயே வெட்டினேன். பிறகு கழுவிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கழுவினேன். பெண்களெல்லாம் அழுது, கூடி, குழந்தையை என்னிடம் கொடுக்க அரை மணி ஆகிவிட்டது. சீக்கிரம் கொடுங்கள் என்று அவசரப்படுத்த முடியவில்லை. அவசரப்படுத்தினால் சந்தேகம் வரும்.

இவ்வளவுதான். குப்பாயியின் கஷ்டம் பொறுக்காமல் செய்தேன். அதை நீங்கள் தயவாக எண்ணிப் பார்க்க வேண்டும். எனக்கு என்ன தண்டனை என்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவளைச் சாது என்று ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்ப வேண்டும். ராசம்மாள் மணியைத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

இது ஆறாவது காகிதம். இதில் கற்பனை ஒன்றும் இல்லை. உதாரணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, நேரில் இருந்தவன் கையெழுத்து இருக்கிறது. இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியும் என்று தோன்றவில்லை. இருந்தாலும் எங்காவது போதாது என்று பட்டால், தயங்காமல் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். நல்ல பிரதியாக மறுபடி எழுதித் தருகிறேன்.